கோரை மண்டிய பத்து சென்டும் கலப்பை இல்லாமல் வந்த டிராக்டரும்

"அஞ்சு கலப்பை மாட்டிட்டு வாங்க, ரொட்டவேட்டர் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று டிராக்டர்காரரிடம் போனில் தெளிவாகத்தான் சொன்னேன். அஞ்சு கலப்பை ஐந்து கொழுவால் மண்ணை ஆழமாகக் கீறும்; ரொட்டவேட்டர் சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும். மினி டிராக்டர் வந்து நின்றது, பின்னால் ரொட்டவேட்டர் மட்டும்!

கேட்டால், "பத்து சென்டுக்குப் போயி கலப்பை மாத்தணுமாண்ணே? இதுவே மாவாட்டம் ஆக்கிடும்" என்கிறார். ஆக்கும்தான். ஆனால் இது ஒட்டன்சத்திரம் பக்கத்துச் செம்மண், வீட்டுக்குப் பின்னால் பல வருடமாக உழவே காணாத இடம், முழுக்கக் கோரை. கோரைக் கிழங்கு மண்ணுக்குள் சரம் சரமாக இருக்கும். ரொட்டவேட்டர் அந்தச் சரத்தை அறுத்துத் தோட்டம் முழுக்கத் தூவிவிடும். தூங்கிக்கொண்டிருந்த கிழங்கும் முளைத்துவிடும். அதுவும் மேல்மண்ணைத்தான் கிளறும், அடியில் இறுகிய மண் அப்படியே கிடக்கும்.

வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். வந்துபோன டீசல் காசு வாங்காமல் நகரவில்லை. கேட்காததைக் கொண்டுவந்ததற்கு நான் காசு கொடுத்தேன். இன்னும் வயிறு எரிகிறது.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் ஓட்டினால் கட்டி கட்டியாகப் பெயர்ந்து, காய்ந்ததும் செங்கல்லாகிவிடும் என்பதால் காத்திருந்தேன். ஒரு பிடி மண்ணை உருண்டையாகப் பிடித்துக் கீழே போட்டால் உதிர வேண்டும், அதுதான் பதம்.

அடுத்து வேறு டிராக்டரில் வந்த பையன் இறங்கியதும் கேட்டது, "கீழ பைப்பு ஏதும் போகுதாண்ணே?" அப்போதே நிம்மதி. சொட்டுநீர்க் குழாய் போகும் இடத்தில் குச்சி நட்டு வைத்திருந்தேன். நெடுக்கே ஒரு முறை, குறுக்கே ஒரு முறை கலப்பை ஓட்டினார். கிழங்கெல்லாம் மேலே வந்தது. நல்ல வெயிலில் காயவிட்டு, பொறுக்கிய பிறகுதான் ரொட்டவேட்டர். மூலைகளில் வண்டி திரும்பாது, அங்கே மண்வெட்டிதான்.

ஓட்டப் போகிறவர்களுக்கு: வாடகை எங்கிருந்து கணக்கு, வண்டி கிளம்பும்போதா, மண்ணில் இறங்கும்போதா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். அரை மணி வேலைக்கும் பெரும்பாலும் ஒரு மணி வாடகைதான். பக்கத்து வீட்டிலும் ஓட்ட வேண்டியிருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். தமிழக அரசின் உழவன் செயலியில் வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்குத் தரும் வண்டிகளையும் ஒருமுறை பாருங்கள். பழைய சேலை, நைலான் கயிறு, கம்பி எதையும் மண்ணில் விட்டுவைக்காதீர்கள். ரொட்டவேட்டரில் சுற்றிக்கொண்டால் அறுத்தெடுக்கும் நேரமும் நம் கணக்கில்தான் ஏறும்.

பொறுக்கிய கிழங்கை மட்டும் எருக்குழியில் போட்டுவிடாதீர்கள். அடுத்த வருடம் எருவோடு திரும்பி வந்துவிடும்.