பெரியம்மா கையெழுத்தில் ஒரு எழுத்துரு: இலை வடாம் வரை

மாயவரத்தில் பெரியம்மா வத்தல், வடாம் போட்டு விற்கிறார். பெரிய வியாபாரம் ஒன்றும் இல்லை. பங்குனி, சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் காய்வது ஐப்பசிக்குள் தீர்ந்துவிடும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தன் கையாலேயே சீட்டு எழுதி ஸ்டேப்லர் அடிப்பார். இந்த வருஷம் மணிக்கட்டு வலி. "கம்ப்யூட்டர்ல அடிச்சுக் குடேன்டா" என்றார்.

கையெழுத்துச் சாயலில் இலவசமாகக் கிடைக்கிற கவிவனார் எனக்குப் பிடித்த எழுத்துரு. அதில் அடித்துக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது என் இலை வடாம் இல்லையே" என்றார். விரல் 'லை' மேல் நின்றது.

அவர் எழுதுவது பழைய லை. சங்கிலிக்கொம்பு முன்னால் தனியாக நிற்காது. ல-வின் தலையிலிருந்தே யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு கிளம்பும். 1978-இல் தமிழ்நாடு அரசு பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டபோது மாறிய 13 எழுத்துகளில் அதுவும் ஒன்று. பெரியம்மா அதற்கு முன்பே பள்ளிக்கூடம் முடித்தவர். அரசாணை அவர் கை வரைக்கும் போய்ச் சேரவில்லை.

சரி, அவர் கையெழுத்தையே எழுத்துரு ஆக்கிவிடலாம் என்று இறங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்தேன். ஆனது ஏழு வாரம்.

முதல் முட்டாள்தனம்: 247 கட்டம் போட்ட தாள் கொடுத்தது. வாரம் முழுக்க மத்தியானத் தூக்கத்தை விட்டு எழுதினார். ஙூ வரும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதை யாருடா எழுதப் போறா?" பதில் இல்லை. எழுதினார். அது பால் பாயின்ட் பேனா வேறு. ஸ்கேன் செய்து இங்க்ஸ்கேப் என்கிற வரைகலை மென்பொருளில் கோட்டுருவாக மாற்றியபோது, கோடு எலி கரம்பின மாதிரி அங்கங்கே விட்டுப்போய் இருந்தது. தடித்த ஜெல் பேனா வாங்கிக் கொடுத்து மறுபடியும் எழுதச் சொல்ல வேண்டியதாயிற்று.

அதற்குள் 247-உம் தேவையில்லை என்று தெரிந்துவிட்டது. கா, கெ, கே, கை, கொ எல்லாம் க-வோடு காலும் கொம்பும் சேர்ந்தால் வந்துவிடும். உயிரும் ஆய்தமும் 13, அகர வரிசை 18, புள்ளி வைத்தவை 18, இகர ஈகாரம் 36, உகர ஊகாரம் 36, துணைக்காலும் கொம்புகளும் 4, ஔகாரத்துக்கு ஒன்று. மொத்தம் 126. இது போக ஜவ்வரிசி வடாமுக்காக ஜ. கூடவே ஷ, ஸ, ஹ.

உகரத்தில் மட்டும் குறுக்கு வழி இல்லை. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு சாதி. ஙு, சு, பு, யு, வு செங்குத்தாகக் கீழே இறங்கும். ஞு, ணு, து, நு, லு, று, னு வேறு மாதிரி. நாம் ஒன்றாம் வகுப்பிலேயே யோசிக்காமல் பழகிவிட்டோம், கணினிக்கு ஒவ்வொன்றையும் தனியாகச் சொல்லித் தர வேண்டும்: க-வும் உகரக் குறியும் அடுத்தடுத்து வந்தால் இந்தப் படத்தைப் போடு என்று. ஜு, ஷு, ஸு, ஹு-வுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஒரே குறி எல்லாவற்றோடும் ஒட்டிக்கொள்ளும். கிரந்த எழுத்துகளைப் பற்றி யாருக்கு என்ன சண்டை இருந்தாலும், எழுத்துரு செய்கிறவனுக்கு அவை சாது.

எழுத்துரு செய்கிற மென்பொருளான ஃபாண்ட்ஃபோர்ஜில் எல்லாவற்றையும் ஏற்றி, 'கெட்டி' என்று அடித்தேன். முதலில் க, அதற்குப் பின்னால் கொம்பு, அப்புறம் ட்டி! கொம்பு முன்னால் போகவே இல்லை. இரண்டு ராத்திரி போனது. எழுத்துகளுக்கு எண் கொடுத்துக் கணினியில் சேமிக்கிற பொது முறையான யூனிகோடில் க முதலிலும் கொம்பு பின்னாலும்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது முன்னால் தூக்கி வைப்பது எழுத்தைக் கோக்கிற மென்பொருளின் வேலை. நான் என் விதிகளை எல்லாம் பொதுவான எழுத்துமுறைக் குறியின் கீழ் போட்டிருந்தேன். தமிழ் என்று அறிவிக்காததால் அது இதை ஆங்கிலம் மாதிரி வரிசையாக அடுக்கிவிட்டது. குறியை மாற்றியதும் கொம்பு தானாக இடம் மாறியது. அந்த ராத்திரி ஒன்றரை மணிக்கு 'கெட்டி கெட்டி கெட்டி' என்று பக்கம் முழுக்க அடித்து வைத்தேன்.

அடுத்தது பழைய லை. யூனிகோடில் பழைய லைக்கும் புதிய லைக்கும் தனித்தனி எண் கிடையாது. எந்த உருவத்தைக் காட்டுவது என்பது எழுத்துருவின் இஷ்டம். (அதனால்தான் அதை இங்கே அடித்துக் காட்ட எனக்கு வழியில்லை.) ல-வும் ஐகாரக் குறியும் சேர்ந்தால் தும்பிக்கை என்று விதி எழுதினேன். அசையவில்லை. கடைசியில் புரிந்தது, முந்தின பாடம்தான்: என் விதிக்கு முறை வருவதற்குள் கொம்பு முன்னால் போய்விடுகிறது. ஆகவே வரிசையை மாற்றி, முதலில் கொம்பு, பிறகு ல என்று எழுத வேண்டும். எழுதினேன். தும்பிக்கை எழுந்தது.

இதில் ஒரு லாபமும் கிடைத்தது. பழைய வடிவம் 13 என்றாலும் ணா, றா, னா, ணை, லை, ளை, னை என்று ஏழுதான் வரைந்தேன். மற்ற ஆறும் ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ. ஒகரம் கொம்பாகவும் காலாகவும் பிரிந்து, கொம்பு முன்னால் போனதும் மிச்சம் நிற்பது ண-வும் காலும்தானே? என் ணா விதி அங்கேயும் போய் வேலை செய்துவிட்டது. ஓசி!

எட்டாம் வகுப்புப் படிக்கிற அக்கா பெண்ணுக்குப் பழைய றா சுத்தமாகப் புரியவில்லை. அதனால் சாதாரணமாகப் புதிய வடிவம், கேட்டால் பழையது என்று வைத்தேன். லிப்ரே ஆபீஸில் எழுத்துரு பெயருக்குப் பின்னால் ஒரு முக்காற்புள்ளியும் அந்த வசதியின் குறியும் சேர்த்தால் போதும். சீட்டுக்குப் பழையதுதான். கடை அவருடையது.

விண்டோஸ் மடிக்கணினியில் பார்த்தபோது 'கூழ் வடாம்' 'கூம் வடாம்' ஆகியிருந்தது. 1000 அலகு உயரத்தில், எழுத்து நிற்கிற கோட்டுக்குக் கீழே 200 மட்டும் விட்டிருந்தேன். பெரியம்மாவின் ழ 340 வரை இறங்குகிறது. வால் வெட்டுப்பட்டு ம மாதிரி நின்றது. கீழ் எல்லையை 400 ஆக்கியதும் சரியானது.

அச்சகத்தில் இன்னொரு தடங்கல். அங்கே இன்னும் பேஜ்மேக்கர் என்கிற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்தான். அதில் யூனிகோடு தமிழ் ஓடாது. "பழைய ஃபாண்ட்ல அடிச்சுக் கொண்டாங்க சார்" என்றார்கள். எழுத்துகளை வெறும் கோடுகளாக மாற்றி பிடிஎஃப் கொடுத்துவிட்டேன்.

இருநூறு சீட்டு வந்தது. பெரியம்மா இலை வடாமை முதலில் எடுத்து, ஒன்றும் சொல்லாமல் பொட்டலத்தில் அடித்தார். கொத்தவரங்காய் வத்தல் சீட்டை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு வ-வும் அச்சுல வார்த்த மாதிரி ஒண்ணாவே இருக்கே. நான் எழுதினா அப்படியா இருக்கும்?"

இருக்காதுதான். ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டாவது வடிவம் வைத்து, பக்கத்தில் அதே எழுத்து வந்தால் மாற்றிப் போடச் சொல்ல முடியும். ஆனால் அதற்கு அவர் மறுபடி எழுத வேண்டும். தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"தாள் கொண்டா, கை சரியானதும் எழுதறேன். அந்த ஙூ மட்டும் வேண்டாம்."