கடலைத் தூர்ப்பதில் நமக்கும் பேச்சுரிமை உண்டு

பினாங்குத் தீவின் தெற்குக் கடலில் மண்ணைக் கொட்டிச் செயற்கைத் தீவு உருவாக்கும் பணி தொடங்கியதிலிருந்து, நம் தமிழ்க் குடும்பங்களில் அதைப் பற்றிய பேச்சு இரண்டே வாக்கியங்களில் முடிந்துவிடுவதைக் கவனித்து வருகிறேன். அது மீனவர்களுக்கும் அரசாங்கத்துக்கும் உள்ள வழக்கு என்பது ஒன்று. வீடும் வேலையும் வந்தால் நல்லதுதானே என்பது மற்றொன்று. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று தீவுகள், ஏறத்தாழ 4,500 ஏக்கர் என்பதே தொடக்கத் திட்டம். மாநிலப் போக்குவரத்துப் பெருந்திட்டத்துக்கு நிதி திரட்டுவதற்காக அந்த நிலம் தேவை என்று மாநில அரசு சொன்னது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைக்கு 2019இல் 72 நிபந்தனைகளுடன் ஒப்புதல் கிடைத்தது. மீனவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 2021 செப்டம்பரில் மேல்முறையீட்டு வாரியம் அந்த ஒப்புதலை இரத்து செய்தது. புதிதாகத் தயாரிக்கப்பட்ட அறிக்கை 2023இல் ஏற்கப்பட்டு, திட்டம் ஒரே தீவாகக் குறைக்கப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பரில் தூர்க்கும் வேலை தொடங்கியது. அந்த ஒரு தீவே ஏறத்தாழ 2,300 ஏக்கர்.

இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது 2021ஆம் ஆண்டுத் தீர்ப்புதான். படகும் வலையும் மட்டுமே சொத்தாக உள்ளவர்கள் சட்டத்தின் வழியே சென்று, ஒப்புதல் பெற்ற ஒரு பெருந்திட்டத்தையே நிறுத்திக் காட்டினார்கள். அவர்களுக்குச் சுற்றுச்சூழல் அமைப்பான சஹாபாட் அலாம் மலேசியாவும் பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும் தோள் கொடுத்தன. இறுதியில் வேலை தொடங்கிவிட்டது என்பதற்காக அந்த வெற்றி வீண் என்று சொல்பவர்களோடு நான் உடன்படமாட்டேன்.

தீவின் தென்கரை ஊர்களான தெலுக் கும்பாரிலும் பெர்மாத்தாங் டாமார் லாவுட்டிலும் நீர் வற்றும் நேரத்தில் கரையில் நின்று பார்த்தால், நகரவாசிகள் வெறும் சேறு என்று ஒதுக்கும் பரப்பில் எவ்வளவு உயிர் ஊர்கிறது என்பது புரியும். சிறு நண்டுகளும் நத்தைகளும் புழுக்களும் நிறைந்த அந்த ஆழமற்ற நீரில்தான் இறால் குஞ்சுகள் வளர்கின்றன. தூர்க்கும்போது எழும் நுண்வண்டல் கொட்டிய இடத்தோடு நின்றுவிடாமல் நீரோட்டத்தோடு போய்ப் படிகிறது. வண்டலைத் தடுக்கும் திரை கட்டினாலும் அது முழுமையாக நிற்பதில்லை. இழப்பீட்டுப் பணமும் புதிய படகும் இயந்திரமும் கொடுத்தாலும், படகு போய்ச் சேர வேண்டிய இடத்தில் மீன் இல்லையென்றால் அவர்கள் என்ன செய்வார்கள்? சந்தையில் நாம் வாங்கும் கெம்போங் மீனுக்கும் இறாலுக்கும் விலை ஏறினால் அது நம் அடுப்படிக்கும் வந்து சேரும்.

வீட்டுத் தேவையை நான் சிறிதாக நினைக்கவில்லை. என் மைத்துனர் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார். வாடகை வீட்டில் இருக்கிறார். "மாமா, எங்களுக்கு மட்டும் வீடு வேண்டாமா?" என்று அவர் கேட்டபோது, அந்தக் கேள்வியின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால், கடலோரத்தில் எழும் வீடுகளில் எத்தனை அவருடைய சம்பளத்துக்கு எட்டும் என்ற கேள்வியையும் நாம் சேர்த்தே கேட்க வேண்டும். வளர்ச்சி என்ற பெயரால் 2009இல் பினாங்கில் நம் மக்கள் வாழ்ந்த கம்போங் புவா பாலா கிராமம் இடிக்கப்பட்டதைப் பார்த்த சமூகம் நாம். அன்று நமக்குத் துணை நின்று குரல் கொடுக்க மற்றவர்கள் வர வேண்டும் என்று எதிர்பார்த்தோம் அல்லவா?

மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் நாட்களில் கருத்துச் சொல்லும் உரிமை மீனவர்களுக்கு மட்டும் உரியதன்று. ஆனால் பல தொகுதிகளாக, நீரோட்டக் கணிப்பு வரைபடங்களும் அட்டவணைகளுமாக, மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும் அந்த அறிக்கையை வேலை முடிந்து வரும் ஒருவர் அலுவலக மேசையில் புரட்டி எவ்வளவு புரிந்துகொள்ள முடியும்? மேலும், அதைத் தயாரிக்கும் ஆலோசகர்களுக்குக் கட்டணம் கொடுப்பவர் திட்டத்தை முன்வைப்பவரே. அவர்களுடைய நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆயினும் வெளியார் கண்கள் அதன்மேல் பட வேண்டியதன் தேவை இதனாலேயே கூடுகிறது.

ஆகவே கர்னி டிரைவ் பக்கமோ வேறு எந்தக் கரையிலோ அடுத்த திட்டம் வரும்போது, அறிக்கையின் சாரம் தமிழிலும் சீனத்திலும் எளிய நடையில் வெளியிடப்பட வேண்டும் என்று என் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதப்போகிறேன். தெற்கே இப்போது நடக்கும் வேலையில் எடுக்கப்படும் நீரின் கலங்கல் அளவுகளை, மீனவர்கள் படகு கட்டும் துறைகளிலேயே மாதந்தோறும் எழுதி ஒட்ட வேண்டும் என்பது அக்கடிதத்தில் என் இரண்டாவது கோரிக்கை.