எட்டில் ஒன்று

ஜூலை 17, வியாழன்

ஆடி நோம்பி. வாசலில் தேங்காய் சுட்டோம். அக்காவும் அவள் மகன் சின்னுவும் வந்திருந்தார்கள். என் மகள் பாப்பா அழிஞ்சிக் குச்சியை நெருப்புக்கு மேல் பிடித்தபடி ஓடு வெடிக்கும் சத்தத்துக்குக் காத்திருந்தாள். வெடித்ததும் பிள்ளைகள் எல்லாரும் துள்ளி எழுந்தார்கள். சின்னுவும் எழுந்தான். முதலில் இரண்டு கையையும் தரையில் ஊன்றி, இடுப்பைத் தூக்கி, ஒரு கையை முழங்காலுக்குக் கொண்டுபோய், அப்புறம் தொடைக்கு. தன் உடம்பின் மேல் தானே ஏறுகிற மாதிரி. அப்பா குனிந்து நெருப்பைக் கிளறினார். நான் கண்ணை எடுக்கவில்லை.

தேங்காயை அவன்தான் அதிகம் சாப்பிட்டான். ஸ்டீராய்டு பசி. முகம் உப்பிவிட்டது.

ஜூலை 19, சனி

வயிற்றில் கரு, 7 வாரம் 2 நாள். துடிப்பு கேட்டது. அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 21, திங்கள்

சின்னுவுக்கு வந்த தசை அழியும் நோயை நானும் சுமக்கிறேனா என்று பார்க்க, கோயமுத்தூர் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். ஒரே ஒரு குழாய்தான். மூன்று வாரம் ஆகுமாம்.

அங்கே ஜீன் பற்றி ஆலோசனை சொல்லும் அம்மா பொறுமையாகச் சொன்னார். மனிதனிடம் இருக்கும் ஜீன்களிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று இந்த நோய்க்கான ஜீன், இருபத்திரண்டு லட்சம் எழுத்து. அதில் புரதத்துக்கு வேண்டிய செய்தி 79 துண்டுகளாகக் கிடக்கிறது. சின்னுவுக்கு 45 முதல் 50 வரை இல்லை. ஆறு துண்டுதானே, மீதி 73 இருக்கிறதே என்று கேட்டேன். செல் எழுத்துகளை மும்மூன்றாகத்தான் படிக்கும் என்றார். வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதிப் பார்த்தேன்.

அவன் மகள் படம்.

இதில் 'மகள்' முழுதாகப் போனால் 'அவன் படம்'. குறைந்தாலும் படிக்க முடிகிறது. 'ன்' மட்டும் போனால் 'அவம கள்ப டம்'. அதற்குப் பிறகு வருவது எதுவுமே வார்த்தை இல்லை. தொலைந்தது மூன்றால் வகுபட்டால் பெரும்பாலும் பெக்கர் என்கிற கொஞ்சம் மெதுவான நோய். வகுபடாவிட்டால் அநேகமாக வேகமான டுஷேன். சின்னுவுக்கு வகுபடவில்லை.

ஒரு எழுத்து மிச்சம். நாள் முழுக்க இதையே வகுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

"சொந்தத்துல குடுத்தீங்களா கண்ணு?" இன்று ரேஷன் கடை வரிசையில். போன வாரம் கல்யாண மண்டபத்தில். இல்லீங்க, அக்காவைக் குடுத்தது தாராபுரத்துப் பக்கம், எந்தச் சொந்தமும் இல்லீங்க என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. நம்பாமல்தான் போகிறார்கள்.

சொந்தத்தில் கட்டுவதால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. தலசீமியா மாதிரி நோய்க்கு அம்மாவிடம் ஒன்று, அப்பாவிடம் ஒன்று என்று இரண்டு பழுதான பிரதி ஒரே பிள்ளையிடம் சேர வேண்டும். மாமன் மகளும் அத்தை மகனும் எட்டில் ஒரு பங்கு ஜீனைப் பொதுவாக வைத்திருப்பவர்கள், அதனால் சேரும் வாய்ப்பு கூடுகிறது. அப்போதும் இருவரும் அதே பழுதைச் சுமந்தால்தான், நாலில் ஒன்று. ஆனால் இது அந்த வழி இல்லை. இது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பையனிடம் இருப்பதே ஒரு எக்ஸ், அதுவும் அம்மா கொடுத்தது. அது பழுதானால் துணைக்கு வர இன்னொன்று கிடையாது. அக்கா தாராபுரத்தில் கட்டியிருந்தாலும் டில்லியில் கட்டியிருந்தாலும் இதுதான்.

அக்காவின் மாமியார் நேராகவே சொல்லிவிட்டாராம், "உங்க பக்கத்துல இருந்து வந்ததுதானே" என்று. உண்மைதான். உண்மையை எப்படிக் கல்லாக எறிவது என்று சிலருக்குத் தெரிந்திருக்கிறது.

ஜூலை 25, வெள்ளி

அம்மா பீரோவில் இருந்து, அவள் கூடப்பிறந்த மாமனின் போட்டோவை எடுத்தேன். 1978, எட்டு வயது. அரை டவுசர். கெண்டைக்கால் இரண்டும் உருண்டு திரண்டு, அந்த வயசுப் பையனுக்கு இல்லாத பருமன். "பயில்வான் காலு"ன்னு அம்மாவைப் பெற்ற அம்மாயி பெருமையாகச் சொல்லுமாம். அது தசை இல்லை. தசை அழிந்த இடத்தில் கொழுப்பும் நாரும் நிறைந்து வீங்கியது.

போலியோ என்றுதான் ஊரில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். குளிக்கவைக்க அம்மாதான் முதுகில் தூக்கிக்கொண்டு கீழ்பவானி வாய்க்காலுக்குப் போவாளாம். பதினொரு வயதுக்கு மேல் நடக்கவில்லை. 1987ல் பதினேழு வயதில் போய்விட்டார். அதே வருடம்தான் அமெரிக்காவில் அந்தப் புரதத்தைக் கண்டுபிடித்து டிஸ்ட்ரோஃபின் என்று பேர் வைத்தார்கள்.

சின்னுவுக்கு முதலில் பார்த்த இடத்தில் ஈரல் கோளாறு என்றார்கள். எஸ்.ஜி.பி.டி. அதிகம். எட்டு மாதம் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். அந்த என்சைம் தசை உடைந்தாலும் ஏறும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. அப்புறம் வேறொருவர் தசை உடைவதைக் காட்டும் சி.பி.கே. ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். 16,000.

இந்தப் போட்டோவை அன்றைக்கே யாராவது எடுத்துக் காட்டியிருந்தால்.

ஜூலை 26, சனி

என் கெண்டைக்கால் 13 அங்குலம். இரண்டும்.

ஜூலை 28, திங்கள்

யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று குடும்ப மரம் வரைந்து எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் வரைந்தேன்.

அப்பா வழியில் ஏழு தலைமுறை எழுதலாம். அப்பா பேர் பேராகச் சொன்னார், குலதெய்வக் கோயில் நோட்டிலும் இருக்கிறது. எல்லாம் சதுரம். அம்மா வழியில் அம்மாயிக்கு மேல் போக முடியவில்லை. அம்மாயியைப் பெற்றவள் பேர் யாருக்கும் தெரியவில்லை. அம்மாயிக்கு இரண்டு தங்கச்சிகள், ஒருத்தி பழனிப் பக்கம், ஒருத்தி "அந்தியூர்ல எங்கியோ". அவ்வளவுதான்.

அம்மாயி பிறந்தது செம்பன் கூட்டம் என்கிற குலம், வாழ்க்கைப்பட்டது பயிரன். அம்மா பயிரனில் பிறந்து காடைக்கு வந்தாள். நான் காடையில் பிறந்து தூரனுக்கு. ஒவ்வொருத்தியும் தாலி ஏறிய நாளில் கூட்டமும் குலதெய்வமும் மாறி, அந்த வீட்டுப் பெண்ணாகிவிட்டோம். கூட்டம் போகிற வழி அப்பனிடமிருந்து மகனுக்கு, அப்படியே ஒய் குரோமோசோம் போகிற வழி. ஒரே கூட்டத்துக்குள் பங்காளி, கட்டக் கூடாது என்று எத்தனை கறாராகப் பார்க்கிறோம். இது அந்த வேலிக்குள் வரவே இல்லை. நாலு கூட்டம் தாண்டி, நாங்கள் ஒருத்தரும் பேர் எழுதி வைக்காத பாதையில் நடந்து வந்திருக்கிறது.

அந்தியூர்க்காரியின் பேத்திகளில் யாராவது இப்போது பையன் அடிக்கடி விழுகிறான் என்று கீழாநெல்லி அரைத்துக்கொண்டிருப்பாளா?

ஜூலை 29, செவ்வாய்

சோளத்தட்டுப் போருக்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது. தாய் மூன்று நிறம். குட்டி நாலு. அப்பா வாலைத் தூக்கிப் பார்த்தார், கடுவன் இரண்டு. ஒன்று முழுக்கச் செவலை, ஒன்று முழுக்கக் கறுப்பு.

பூனைக்கும் செவலையும் கறுப்பும் எக்ஸில்தான் இருக்கிறது. தாய்க்கு எக்ஸ் இரண்டு. கருவில் இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் ஒன்றை மூடிவைத்துவிடுகிறது, அதனால்தான் திட்டுத்திட்டாக. இங்கிலாந்தில் மேரி லயன் 1961ல் எலியின் ரோமத்தைப் பார்த்து இதைச் சொல்லியிருக்கிறார். கடுவனுக்கு ஒன்றுதான், அம்மா எதைக் கொடுத்தாளோ அதுவே மொத்த நிறம். அக்காவின் தசையும் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். நல்ல திட்டுகள் போதுமான அளவு இருப்பதால் அவள் நடக்கிறாள், சின்னுவைத் தூக்குகிறாள். ஆனால் இப்படிப் பழுதைச் சுமக்கும் கடத்திகளாக இருக்கும் பெண்களில் சிலருக்கு இதயம் பலவீனப்படும், எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். அக்கா எடுக்கவில்லை. "அவனுக்குப் பாக்கறதுக்கே நேரமில்ல, எனக்கு எதுக்கு" என்கிறாள்.

ஜூலை 31, வியாழன்

அம்மாவின் தங்கச்சி, என் சித்தி, போனில் அழுதது. "ஆவணியில கல்யாணம் சாமி. முடியட்டும். அப்புறம் நானே சொல்லிக்கறேன்." சித்தி மகளும் இதைச் சுமக்க வாய்ப்பு நாலில் ஒன்று. கல்யாணம் நின்றுவிடும் என்று சித்தி பயப்படுகிறது, அந்தப் பயத்தில் தப்பில்லை, நின்றாலும் நிற்கும். ஆனால் அவள் என்னைப் போல ஏழாவது வாரத்தில் ஓட வேண்டுமா? முன்னாடியே தெரிந்தால் வழி இருக்கிறது. தெரியாதவளுக்கு ஒரு வழியும் இல்லை.

மூன்று தடவை வாட்ஸ்அப்பில் அடித்தேன், மூன்று தடவை அழித்தேன். இது யாருடைய ரகசியம்? என் ரத்தம் என்றால் நான் சொல்லலாம். அவள் ரத்தத்தைப் பற்றி அவளிடம் சொல்லாமல் இருக்க எனக்கென்ன உரிமை?

ஆகஸ்ட் 1, வெள்ளி

13 அங்குலம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. அம்மா காலையிலேயே கோயிலுக்குப் போய் எனக்காகப் பூ கேட்டிருக்கிறாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம், அம்மன் முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. எந்தப் பூ வந்தது என்று சொல்லவில்லை. நெற்றியில் திருநீறு பூசிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அம்மா, உன்னிடமும் இரண்டு பொட்டலம்தான் இருந்தது. அக்காவுக்கு ஒன்று எடுத்தாய், எனக்கு ஒன்று எடுத்தாய். எடுத்தது உன் கை இல்லை. இதை உன்னிடம் எப்படிச் சொல்வது? பரிசோதனை என்று வாயெடுத்தாலே "எனக்கு எதுக்கு, நான் என்ன இனிமேல் பெக்கவா போறேன்" என்கிறாள். மாமனைத் தூக்கிய அதே முதுகு இப்போது எங்கள் எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறதோ.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நான் சுமக்கிறேனா, பாதி. பிறப்பது பையனா, பாதி. அவனுக்கு அந்த எக்ஸ் போகுமா, பாதி. எட்டில் ஒன்று. அரிசி கழுவும்போது எட்டில் ஏழு என்று சொல்லிக்கொள்கிறேன். உலை கொதிக்கும்போது மறுபடி எட்டில் ஒன்று.

நான் சுமக்கிறேன் என்று வந்துவிட்டால் இந்தக் கணக்கு நாலில் ஒன்றாகும். 11 வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடியிலிருந்து துளி எடுத்துப் பார்க்கலாம். பார்த்து? வீட்டுக்காரரிடம் கேட்டேன். "என்ன வந்தாலும் ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ணலாம் கண்ணு" என்றார். முடிவு என்கிற வார்த்தையைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

ஆகஸ்ட் 7, வியாழன்

பாப்பாவுக்கும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்கள். கடத்தியா என்று சின்னப் பிள்ளைகளுக்குப் பார்ப்பதில்லை, வளர்ந்து அவளே கேட்கும்போதுதான். சரி. அப்படியென்றால் அவளிடம் சொல்வதற்கு இன்னும் பத்து வருடம் நான் ஞாபகமாக இருக்க வேண்டும்.

பத்திரிகையின் பின்பக்கம் வரைந்ததை லேமினேட் செய்யக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

சின்னு குதிகாலை நீட்டிவிடும்போது கத்துகிறான். ராத்திரி ஸ்பிளின்ட் போட்டால் தூக்கம் இல்லை. இன்று என் மடியில் படுத்துக்கொண்டு, "சித்தி, உங்க வயித்துல இருக்கறது தம்பியா பாப்பாவா?" என்றான். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. எனக்கும் தெரியாது சாமி என்றேன். தம்பி என்றால் தன் மூன்று சக்கர சைக்கிளைத் தருவானாம். அவன் இப்போது அதை மிதிப்பதில்லை.

அக்கா எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ரிப்போர்ட் வந்துவிட்டதாம். போனில் சொல்ல மாட்டார்கள். நாளை காலை 10.30.

பாப்பாவுக்குத் தலை பின்னும்போது கை நடுங்கியது. சாயங்காலம் அம்மா வந்தாள், கையில் மாமன் போட்டோ, துணியில் சுற்றி.

"வெறும் வயித்துல வரோணுமா?"

எதுக்கும்மா என்றேன்.

"எனக்கும் ரத்தம் எடுப்பாங்கல்ல."