அரங்கேற்றத்துக்கு முந்தைய 3 மாதங்கள்

பரதநாட்டியத்தில் அலாரிப்பிலிருந்து தில்லானா வரை பாடமாகிவிட்டால் அரங்கேற்றத்துக்குத் தயார் என்று நினைத்துவிட வேண்டாம். வகுப்பில் ஒரு உருப்படி ஆடிவிட்டு உட்காருவது வேறு, ஒரே ஆளாக இரண்டரை மணி நேரம் மார்க்கம் (அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான உருப்படி வரிசை) முழுக்க ஆடுவது வேறு. நான் பார்த்தவரை பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம், நடுவில் வரும் மிக நீண்ட உருப்படியான வர்ணம்தான்.

அது 30, 40 நிமிடம் போகும். தொடக்கத்தில் மூன்று வேகத்தில் வரும் அடவுக் கோவையான திரிகால ஜதியைப் பளிச்சென்று ஆடிவிடுவார்கள். ஒரு வரியின் கருத்தை விரித்து அபிநயிக்கும் சஞ்சாரி வரும்போது மூச்சு வாங்கக் கொஞ்சம் இடம் கிடைக்கும். முதல் பாதியை முடிக்கும் முக்தாயி ஸ்வரம் தாண்டிப் பிற்பாதியான சரணத்துக்கு வந்தால் வேகம் கூடும், தொடை கனக்கும், முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டி மெல்ல மேலேறும். ஆடுபவருக்கு அது தெரியாது, முன்வரிசைக்குத் தெரிந்துவிடும். தினமும் பல்லவியிலிருந்தே தொடங்கினால் பல்லவிதான் மெருகேறும். ஜதிஸ்வரம், சப்தம் ஆடி முடித்த களைத்த காலோடு சரண ஸ்வரங்களை மட்டும் தனியாக எடுத்து ஆடுங்கள். கடைசி மாதத்தில் வாரம் ஒரு முறையாவது முழு மார்க்கமும் ஆட வேண்டும். மறந்தாலும் நிற்கக் கூடாது. தாளத்துக்குக் காலைத் தட்டும் தட்டுமெட்டு போட்டுக்கொண்டே அடுத்த அடியைப் பிடிக்கவும் பழக வேண்டும்.

சிமெண்ட், டைல்ஸ் தரையில் இவ்வளவு தட்டினால் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு வலிக்கும். மரத்தரை கிடைக்காவிட்டால் தட்டும் பலத்தைக் குறைக்கலாம், மண்டியைக் குறைக்காதீர்கள். விரலால் அழுத்தினால் ஒரே புள்ளியில் குத்துகிறதென்றால் தைலம் தேய்த்துச் சமாளிக்காமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் கீறல் விட்டிருக்கலாம்.

ரெக்கார்டிங்குக்கு ஆடிப் பழகியவர்களைப் பக்கவாத்தியம் திணறடிக்கும். மேடைப் பரபரப்பில் முதல் ஜதியிலேயே காலப்பிரமாணம் (வேகம்) ஏறிவிட்டால் பிறகு இறக்குவது கஷ்டம். பாட்டு, நட்டுவாங்கம் (தாளம் தட்டி ஜதி சொல்பவர்), மிருதங்கம், வயலின் எல்லோரையும் வைத்து 3 ஒத்திகையாவது வேண்டும். அபிநயத்துக்கான பாடலான பதத்தில் ஒரு வரியை எத்தனை முறை பாடுவது, எந்த அபிநயத்தில் அடுத்த வரிக்குப் போவது என்று பாடகரோடு அங்கேயே பேசி முடித்துவிடுங்கள். விருந்துச் செலவில் கொஞ்சம் குறைத்து இன்னொரு ஒத்திகை வைக்கலாம். (வீட்டில் சண்டை வரும், பரவாயில்லை.)

டெய்லரிடம் உடையை வாங்கும்போதே முழுமண்டியில் (முழுதாகக் குந்தி) உட்கார்ந்து, ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டிப் பாருங்கள். முன்பக்க விசிறி மடிப்பு இழுத்தாலோ பைஜாமா தொடையில் பிடித்தாலோ அங்கேயே பிரித்துத் தைக்கச் சொல்ல வேண்டும். ஒத்திகை ஒன்றை முழு உடையோடும் நகையோடும் ஆடிவிடுங்கள். ஒட்டியாணம் மேலே ஏறுவது, சவுரி பின்னுக்கு இழுப்பது எல்லாம் அன்றுதான் தெரியும். நெற்றிச்சுட்டியையும் ராக்கொடியையும் ஊசி மட்டும் குத்தாமல் கருப்பு நூலால் முடியோடு சேர்த்துக் கட்டினால் நகராது.

சலங்கை பூஜையை முன்கூட்டியே முடித்து, சலங்கையைக் கட்டிக்கொண்டே பயிற்சி செய்யுங்கள். புதுத் தோல் விறைப்பாக இருக்கும். முந்தின நாள் ஒவ்வொரு மணியையும் இழுத்துப் பார்த்து, தளர்ந்திருப்பதைத் தடித்த நூலால் தைத்துவிடுங்கள். மேடையில் உதிர்ந்தால் உள்ளங்காலைப் பதம் பார்க்கும். வியர்வையில் வார் இளகும் என்பதால் இடைவேளையில் உடை மாற்றியதும் அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டுங்கள்.