கம்பெனி நிறுத்திட்ட பெயின்ட் கலரை திரும்பப் பிடிக்கிறது எப்படி

சுவத்துல ஒரு இடத்துல மட்டும் டச்-அப் பண்ணணும், கடையில கேட்டா "அந்த ஷேடு இப்ப வர்றதில்ல"ன்னு சொல்லிட்டாங்களா? முழு ரூமுக்கும் புது கலர் தேட அவசரப்படாதீங்க. பெரும்பாலும் கம்பெனி ஷேடு கார்டுல (கலர் மாதிரி அட்டை) இருந்து அந்தப் பேரை மட்டும்தான் தூக்கியிருக்கும். பழைய ஷேடு கோடு, அதாவது அந்தக் கலரோட அடையாள எண், அதை வச்சு அதே கம்பெனியோட சிஸ்டத்துல தேடினா ஃபார்முலா கிடைக்க நெறையவே வாய்ப்பு இருக்கு.

அதனால மிச்சம் இருக்கற டப்பாவைத் தேடி எடுங்க. முன்னாடி பெருசா போட்டிருக்கறதெல்லாம் விளம்பரம், நமக்கு வேண்டியது மெஷின்ல கலர் கலந்தப்போ மூடி மேலயோ பக்கத்துலயோ ஒட்டின சின்ன ஸ்டிக்கர். ஷேடு கோடு, எந்த பேஸ் (கலர் சேர்க்கறதுக்கு முன்னாடி இருக்கற பெயின்ட்), எந்தக் கலரன்ட் (அதுல ஊத்துற கலர்) எவ்வளவு ஊத்தினாங்கன்னு எல்லாம் அதுல இருக்கும். இதுல நெறைய பேர் கவனிக்காம விடுறது பேஸ். வெள்ளை பேஸ்ல வெள்ளை நிறம் தர்ற டைட்டானியம் டை ஆக்ஸைடு நெறைய இருக்கும், அடர் கலருக்கான பேஸ்ல ரொம்பக் கம்மி இல்லன்னா சுத்தமா இருக்காது, அதனால அதே அளவு கலரன்டை வேற பேஸ்ல ஊத்தினா வேற கலர்தான் வரும். இன்னொரு கம்பெனி மெஷின்ல இந்த அளவை அப்படியே போடச் சொல்றதும் சரிப்படாது, அவங்க கலரன்டோட வீரியமே வேற. மேட், சாட்டின், க்ளாஸ் எதுன்னும் பாத்து வச்சுக்கோங்க, கலர் ஒண்ணா இருந்தாலும் பளபளப்பு மாறினா ஒட்டு போட்டது பளிச்னு தெரியும். பேட்ச் நம்பர், அதாவது ஒரே தடவையில தயாரான பெயின்டுக்குப் போடுற நம்பர், கலரைச் சொல்லாது, ரெண்டு மூணு டப்பா வாங்கும்போது எல்லாம் ஒரே பேட்ச்சான்னு பாக்க மட்டும் உதவும்.

டப்பாவே இல்லன்னா சுவர்தான் சாட்சி. பிளேடால சதுரமா கீறி, ஒரு நாணயத்தை விட கொஞ்சம் பெருசா, மேல்பக்கம் வழவழன்னு உடையாம ஒரு துண்டு பேத்து எடுங்க, ஈரத்துணியால மெதுவா அழுக்கைத் துடைச்சுட்டு கடைக்குக் கொண்டு போனா ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர்ங்கற கலர் அளக்குற கருவியில வச்சு படிச்சு கிட்டத்தட்ட அதே ஃபார்முலா எடுத்துக் குடுப்பாங்க. துண்டை எங்கேருந்து எடுக்கறோம்ங்கறதுதான் ரொம்ப முக்கியம். சுவிட்ச் பிளேட்டுக்கு அடியில வெளிச்சம் படாததால அங்க பழைய கலர் அப்படியே இருக்கும், ஆனா நீங்க ஒட்டு போடப்போற இடம் வெயில் பட்டு வெளுத்திருந்தா வெளுக்காத அந்தக் கலர் பொருந்தாது. சின்ன ஒட்டு மட்டும்னா பக்கத்துலயே கண்ணுக்குப் படாத மூலையில எடுங்க, முழு ரூமும் அடிக்கிறதா இருந்தா பிளேட்டுக்கு அடியில எடுங்க.

கலந்து குடுத்ததும் அப்படியே கிளம்பிடாதீங்க. அந்தத் துண்டு மேலயே ஒரு பொட்டு வைக்கச் சொல்லி, நல்லா காய விட்டுப் பாருங்க, ஏன்னா ஈரத்துல ஒரு கலர், காஞ்சா ஒரு கலர். அப்புறம் பகல் வெளிச்சத்துல ஒரு தடவை, வீட்டு லைட்ல ஒரு தடவை பாத்தே ஆகணும், சில நேரம் ஒரு வெளிச்சத்துல அச்சு அசலா இருக்கறது இன்னொண்ணுல தனியா நிக்கும், வேற வேற பிக்மென்ட்ல (நிறம் தர்ற பொருள்) கலந்தா அப்படித்தான்.

இவ்ளோ பண்ணியும் லேசா வித்தியாசம் தெரிஞ்சா நடுவுல ஒட்டு போடாம அந்த ஒரு சுவரை மட்டும் மூலைக்கு மூலை முழுசா அடிச்சுடுங்க, மூலையில வெளிச்சம் திரும்புறதால கண்ணு அந்த வித்தியாசத்தைப் பிடிக்காது. ஒரு டப்பாவுக்கு மேல வேணும்னா எல்லாத்தையும் பெரிய பக்கெட்ல ஊத்தி கலக்கிட்டு ஆரம்பிங்க. வேலை முடிஞ்சதும் அந்த ஸ்டிக்கரை ஃபோட்டோ எடுத்து, எந்த ரூம்னு பேர் போட்டு சேவ் பண்ணிடுங்க, பெயின்ட் வழிஞ்சா முதல்ல அழியறது அதுதான்.