வெட்டாமல் விட வேண்டிய றப்பர் பாண்ட்

போன சனிக்கிழமை பின்னேர வகுப்பில் ஒரு பிள்ளை கேட்ட கேள்வியில் மாட்டிக்கொண்டேன். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறைதான் வகுப்பு, பத்துப் பன்னிரண்டு உயர்தரப் பிள்ளைகள், ஒரு வெள்ளைப் பலகை, சுற்றும்போது கிறீச்சிடும் ஒரு மின்விசிறி. ஒடுக்கற்பிரிவுப் படத்தைப் பத்தாயிரமாவது தடவையாகக் கீறிக்கொண்டிருந்தேன். முட்டையும் விந்தும் உண்டாகிற கலப்பிரிவு அது: பிரதியெடுத்த நிறமூர்த்தங்களை (பரம்பரை அலகுகளைச் சுமக்கிற நூல்களை) கதிர்நார்கள் இழுக்க, முதல் பிரிவில் அம்மாவுடையதும் அப்பாவுடையதும் பிரியும், இரண்டாம் பிரிவில்தான் பிரதிகள் பிரியும். "சேர், ரெண்டாம் பிரிவில பிரியிற அந்த ரெண்டு பிரதியும் முதல் பிரிவில ஏன் பிரியேல்ல? அப்பவும் கதிர்நார் இழுக்குதுதானே?" என்றாள். படத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். நானும் படிக்கிற காலத்தில் அப்படித்தான் தப்பினேன்.

எங்கள் பாடத்தில் உள்ள குறை இதுதான். அவத்தைகளின் பெயரைக் கற்பிக்கிறோம், நிறமூர்த்தங்கள் நடுவில் வந்து நிற்கிற படத்தைக் கீறுகிறோம், ஆனால் எது கட்டிப் பிடிக்கிறது, எது வெட்டுகிறது என்று ஒரு வரியும் இல்லை. புள்ளித்திட்டத்தில் இல்லாததை யார் சொல்லப் போகிறார்கள்.

சரி. கடையில் சிவப்பும் நீலமுமாகக் குளிர்பானக் குழாய்களும் ஒரு பை றப்பர் பாண்டும் வாங்கினேன். இரண்டு சிவப்புக் குழாய் ஒரே நிறமூர்த்தத்தின் இரண்டு பிரதிகள், அம்மாவிடமிருந்து வந்தது என்று வையுங்கள். இரண்டு நீலம் அப்பாவிடமிருந்து வந்ததன் பிரதிகள். சிவப்புச் சோடியை நெடுக றப்பர் பாண்ட் போட்டுக் கட்டினேன், நீலத்தையும் அப்படியே. கலத்துக்குள் அந்த றப்பர் பாண்டின் வேலையைச் செய்வது கொஹீசின் என்ற புரதக் கூட்டு, அதுவும் வளையம்தான். ஒடுக்கற்பிரிவில் அந்த வளையத்தின் ஒரு துண்டு மாறுகிறது: வழமையான எஸ்சிசி1 இருக்கும் இடத்தில் ரெக்8 வந்து உட்காருகிறது. இந்தச் சின்ன மாற்றம் இல்லாவிட்டால் மிச்சக் கதையே நடக்காது.

அப்புறம் ஒரு சிவப்புக் குழாயின் நுனியையும் ஒரு நீலக் குழாயின் நுனியையும் வெட்டி, இடம் மாற்றி, செலோடேப்பால் ஒட்டினேன். குறுக்குப்பரிமாற்றம். பரம்பரை அலகுகள் கலக்கத்தான் இது நடக்கிறது என்று பிள்ளைகள் எழுதுவார்கள், பிழையில்லை. ஆனால் ஒட்டின குழாய்களைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் மற்றது தெரிகிறது: நுனியில் இருக்கிற றப்பர் பாண்டுகள் இப்போது சிவப்பையும் நீலத்தையும் சேர்த்துக் கட்டியிருக்கின்றன! சிவப்புச் சோடி ஒரு பக்கமும் நீலச் சோடி மறுபக்கமும் போக வேண்டுமென்றால் நுனிப் பாண்டுகளை வெட்டினால் போதும். நடுவில், கதிர்நார் வந்து கொழுவும் சென்ட்ரோமியர் இருக்கும் இடத்துப் பாண்டைத் தொடக்கூடாது.

வெள்ளி இரவு ஒத்திகை பார்த்தபோது அவசரத்தில் எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். நாலு குழாயும் மேசையில் உருண்டன. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டா.

கலத்துக்குள் கத்தரிக்கோல் செப்பரேஸ் என்ற நொதியம். செக்கியூரின் என்ற இன்னொரு புரதம் அதன் வாயை மூடிப் பிடித்திருக்கும். எல்லாச் சோடியும் ஒழுங்காகக் கதிரில் கொழுவிய பிறகு ஏபிசி என்ற கூட்டு செக்கியூரினை அழிக்கக் குறி போடுகிறது, கத்தரி திறந்துவிடும். திறந்த கத்தரிக்கு நுனி எது, நடு எது என்று எப்படித் தெரியும்? தெரியாது. தையல்காரர் சோக் கோட்டில் வெட்டுகிற மாதிரி, பொஸ்பேற் ஏற்றப்பட்ட ரெக்8ஐ மட்டும்தான் அது வெட்டும். சென்ட்ரோமியரில் ஷுகோஷின் என்ற புரதம் நிற்கிறது, ஜப்பானிய மொழியில் காவல் தெய்வம் என்று பொருள். எங்கள் ஊர் எல்லையில் நிற்கிற வைரவரை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இவர் சூலம் தூக்குவதில்லை. பிபி2ஏ என்ற நொதியத்தைக் கூட்டி வந்து வைத்துக்கொண்டு, ரெக்8இல் ஏறும் பொஸ்பேற்றை அழித்துக்கொண்டே இருக்கிறார், சோக் கோட்டைத் துடைக்கிற மாதிரி. கத்தரி வருகிறது, கோடு இல்லை, போய்விடுகிறது.

இந்தக் காவலாளைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். டோக்கியோவில் வதனபே என்ற ஆய்வாளரின் குழு, 2004. நிறமூர்த்தம் மூன்றே மூன்று உள்ள பிளவு ஈஸ்ட்டை எடுத்து, சாதாரணமாகப் பிரிகிற கலத்துக்குள் ரெக்8ஐயும் வேறு மரபணுக்களையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துத் திணித்தார்கள். ரெக்8 இருக்கும்போது மட்டும் கலத்தைக் கொல்கிற மரபணு எது என்று தேடினார்கள். ஏனென்றால், காவல் வேலை செய்தால் வளையம் திறக்காது, வளையம் திறக்காவிட்டால் கலம் பிரிய முடியாமல் சாகும். சாவை வைத்துக் காவலைப் பிடித்தார்கள்.

இன்னொரு விஷயம், குழாயைப் பிடித்திருந்த என் கை. இரண்டு சிவப்பும் ஒரே பக்கம் போக நான் இரண்டையும் ஒரே கையில் பிடித்திருந்தேன். பேக்கரி ஈஸ்ட்டில் ஒரு சென்ட்ரோமியருக்கு ஒரேயொரு நுண்குழாய்தான் (கதிர்நாரின் இழை) வந்து கொழுவும். மொனோபொலின் என்ற கூட்டு இரண்டு பிரதிகளின் கொழுவும் இடத்தையும் சேர்த்துக் கவ்வி ஒன்று போல ஆக்கிவிடுகிறது, அதனால் இரண்டும் ஒரே பக்கம் இழுபடுகின்றன.

ஏன் ஈஸ்ட், பாடப்புத்தகத்து மதுவம்? பட்டினி போட்டால் போதும், நைதரசன் இல்லாமல் அசற்றேற் மட்டும் கொடுத்தால் ஒடுக்கற்பிரிவுக்குள் இறங்கி நாலு வித்திகளை ஒரே பைக்குள் வைத்துத் தரும். நாலு விளைவும் ஒன்றாய்க் கையில் கிடைக்கிறது, நுண்ணிய ஊசியால் பிரித்து வரிசையாய் வளர்த்துப் பார்க்கலாம், எது முளைக்கவில்லையோ அங்கே கணக்குப் பிழைத்திருக்கிறது. அப்ப வீட்டு அப்ப மாவுக்குள்ளும் இது நடக்குமா என்று பின்வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான். நடக்காது ராசா, சீனி போட்ட மாவில் அது பட்டினி கிடப்பதில்லை.

மனிதருக்கும் இதே வளையம்தான். பெண்ணின் முட்டைக்கலங்கள் அவள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே ஒடுக்கற்பிரிவைத் தொடங்கி நடுவழியில் நின்றுவிடுகின்றன. சுண்டெலியில் பார்த்தவரை, அப்போது போட்ட வளையங்கள் பிறகு புதிதாகப் போடப்படுவதில்லை. 40 வயதில் டவுன் நிலையுள்ள (ஒரு நிறமூர்த்தம் கூடுதலாக உள்ள) பிள்ளை பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றளவில் ஏறுவதற்கு, பழைய வளையங்கள் வயதோடு தளர்ந்து பிரிவு பிழைப்பதும் ஒரு காரணம். தாய்மாரைக் குற்றம் சொல்லும் பெரியவர்கள் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறார்கள் என்பதால் இதை வகுப்பில் இரண்டு தரம் சொன்னேன்.

முடிக்கிற நேரத்தில் அதே பிள்ளை மறுபடி கையைத் தூக்கினாள். "அப்ப சேர், ரெண்டாம் பிரிவில அந்தக் காவலாள் ஏன் விடுறார்?" ஈஸ்ட்டில் அவரையும் ஏபிசிதான் குறி போட்டு அனுப்பிவிடுகிறது, செக்கியூரினை அனுப்பிய அதே ஏபிசி. துடைக்க ஆளில்லை, சோக் கோடு நிற்கிறது. கத்தரிக்கோலை அவளிடமே கொடுத்தேன், நடுப் பாண்டுகளை வெட்டினாள். மேசையின் நாலு மூலைக்கும் ஒவ்வொரு குழாய், அதில் இரண்டு நுனி நிறம் மாறியவை.