மாணவர் ஆவணப்படங்களில் ஒலி

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கும் மாணவர்கள் தங்கள் ஆவணப்படங்களை என்னிடம் காட்டும்போது, ஒளிப்பதிவில் குறை சொல்ல எனக்குப் பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. ஆனால் சுவாமிமலையில் ஒரு ஸ்தபதி மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக்கொண்டே தம் தொழிலை விளக்கும்போது, அவர் சொல்வதில் பாதி மின்விசிறியின் இரைச்சலிலும் பக்கத்தில் அரம் போடும் ஓசையிலும் அமிழ்ந்துபோனால், அத்தனை அழகான காட்சியும் வீணாகிவிடுகிறது. குழுவில் ஒருவர் ஹெட்போன் அணிந்து ஒலியை மட்டும் கவனிக்க வேண்டும், அவருக்கு வேறு எந்த வேலையும் தரக்கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மைக்கின் விலையைவிட, அது பேசுபவரின் வாயிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதே முக்கியம். திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். சுற்றுச் சத்தமோ அப்படியே இருக்கும். எனவே கேமரா எங்கே நின்றாலும், காலர் மைக்கோ, ஒலிப்பதிவுக்கென்று வைத்த இரண்டாவது கைபேசியோ வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் இருக்கட்டும். நம் பக்கத்துப் பெரியவர்கள் வயலில் சட்டையில்லாமல் துண்டோடு இருப்பார்கள். படத்துக்காக அவர்களைச் சட்டை போடச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. தோளில் கிடக்கும் துண்டின் மடிப்பில் மைக்கைச் செருகி, ஒயரைச் சிறு வளையமாகச் சுற்றி டேப் ஒட்டிவிட்டால் உரசல் ஓசை வராது. பதிவுக் கருவியின் அளவுமானியில் பூஜ்ஜியமே உச்ச வரம்பு; குரல் உரக்க எழும்போதும் அது மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கட்டும். ஒலி அளவு மீறி உடைந்துபோனால் எடிட்டிங்கில் அதை முழுமையாக மீட்க முடியாது.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-ஐ ஒட்டிய குறுவைப் பணிகளைப் படமாக்க மாணவர்கள் ஆசைப்படுகிறார்கள். அம்மியையும் பறக்கவைக்கும் ஆடிக் காற்று அதன் பின்னாலேயே வந்துவிடும். மைக்கின் மேல் வரும் சாதாரண நுரை உறை வயல்வெளிக் காற்றுக்குப் போதாது. ரோமம் வைத்த உறை வேண்டும். பேசுபவரைக் களத்துமேட்டின் வைக்கோல் போருக்கு மறைவாக உட்காரவைப்பது அதைவிடவும் பயன் தரும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை வெட்டும் வசதி இருந்தால், குரலுக்குப் பெரிய சேதமில்லாமல் காற்றின் உறுமல் ஓரளவு குறையும்.

ஒலியைத் தனியாகப் பதிவு செய்பவர்கள், பின்னர் அதைப் படத்தோடு பொருத்துவதற்காக, ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் கேமராவுக்குத் தெரியும்படி ஒருமுறை கை தட்டுவார்கள்; நீண்ட பேட்டி என்றால் முடிவிலும் தட்டுவது நல்லது, ஏனெனில் இரண்டு கருவிகளின் கடிகாரங்களும் சிறிது சிறிதாக விலகும். ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர் செல்கிறது. நொடிக்கு 25 ஃபிரேம் (தனிப்படம்) ஓடும் படத்தில் ஒரு ஃபிரேம் என்பது 40 மில்லி நொடி. ஆகவே வரப்பின் மறுமுனையில், 14 மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவில் பதிவான கைதட்டல் ஓசை ஏறத்தாழ ஒரு ஃபிரேம் தாமதமாகவே விழும். அத்தகைய ஷாட்டில் கேமராவின் ஓசையை நம்பாமல், கைகள் சேரும் ஃபிரேமைக் கண்ணால் பார்த்து ஒலியைப் பொருத்துங்கள். கைபேசிப் படங்களில் ஃபிரேம் வேகம் சீராக இராது என்பதால், எடிட்டிங்குக்கு முன் ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் அதை நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்வது அவசியம்.

படப்பிடிப்பு இடத்தை முன்கூட்டியே பார்க்கப் போகிறவர்கள், படம் எடுக்கவிருக்கும் அதே நேரத்தில் போய்க் கண்ணை மூடிக் கேட்க வேண்டும். மும்முனை மின்சாரம் வந்ததும் பம்புசெட் ஓடுமா, மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி எப்போது நிற்கும் என்பதையெல்லாம் ஊர்க்காரர்களிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள். பேட்டியின்போது, நம் மரியாதைப் பழக்கத்தால் “ம்”, “ஆமாங்கய்யா” என்று இடையிடையே சொல்லிக்கொண்டிருந்தால் அந்தக் குரலும் அவர் பேச்சின் மேல் பதிவாகும். தலையை மட்டும் அசையுங்கள். பேச்சு முடிந்ததும் எல்லோரும் அசையாமல் நின்று, அந்த இடத்தின் வெறும் ஒலியை 30 நொடி பதிவு செய்துகொண்டு கிளம்புங்கள்; வெட்டி ஒட்டிய வாக்கியங்களுக்கு இடையில் விழும் வெற்றிடத்தை நிரப்ப அது தேவைப்படும்.